பீர்க்கம் பந்தலில் ஓர் ஓட்டை

அந்த மனுஷரை எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடுகிற பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் பெயர் அவரை விடவில்லை. பெயராவது போகட்டும், பார்வையும் விடவில்லை. பால் வாங்கப் போனாலும் கடைக்காரரை ஏற இறங்கப் பார்ப்பார். சொந்த மருமகனே அவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வான் என்றால் பாருங்கள்.

அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். டிக்கெட் வைத்திருப்பவன் அவரை நேராகப் பார்ப்பான், முறைக்கக்கூடச் செய்வான். டிக்கெட் இல்லாதவனுக்கோ சரியாக அந்த நேரத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் தெரியும். "மூஞ்சியத் திருப்புறான்னா உள்ள ஏதோ இருக்கு" என்பார். இந்த ஒரு கணக்கை வைத்தே தன் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டார். அது தப்பியதே இல்லை என்றும் சொல்வார். தப்பியிருக்கும், அதைச் சொல்ல மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் புது வீட்டுக்குக் குடிவந்தார். ஒரே அச்சில் வார்த்தெடுத்த வரிசை வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறைகள், பின்னால் பாய் விரித்தது போல நீளமாக ஒரு துண்டு மண். கட்டியவர்கள் உடைந்த ஓடு, சிமென்ட் கட்டி, வளைந்த கம்பி எல்லாவற்றையும் அந்த மண்ணுக்குள்ளேயே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இருந்தாலும் அந்த மண்ணுக்காகத்தான் செக்கர் வீட்டையே வாங்கினார்.

காரணம் அவர் மனைவி. அவளுக்குப் புற்றுநோய் வந்து, வைத்தியம் நடந்து, பிழைத்து எழுந்திருந்தாள். மருந்து நோயைக் கொண்டுபோனது, கூடவே தலைமுடியையும் கொண்டுபோய்விட்டது. இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கிய தலை. காலை வெயிலில், காற்றோட்டமாக வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். பழைய மாடி வீட்டில் வெளி என்று இருந்ததெல்லாம் படிக்கட்டுதான். அதில் பாதி தெருவே ஏறி இறங்கும்.

குடிவந்த அன்று, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் அவள் பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். அண்ணாந்து பார்த்தாள். இடது பக்கம் ஒரு மாடி ஜன்னல், வலது பக்கம் ஒரு மாடி ஜன்னல், பின்னால் சந்துக்கு அப்பால் அடுத்த வரிசை வீடுகள். துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

"இங்கயும் வெறுந்தலையோட உக்கார முடியாது போலிருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செக்கருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தலையணை மேல் முதல் கொத்து முடி விழுந்த நாளிலிருந்தே அப்படித்தான். பார்த்தால் அவள் கூசிப்போவாள் என்று அவளுடைய தலைத்துணி அவிழும்போதெல்லாம் எழுந்து போய்விடுவார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் பாத்துக்கறேன். ஒரு காக்கா கூட எட்டிப் பாக்க முடியாதபடி தோட்டம் போட்டுத் தர்றேன். நீ பாட்டுக்கு உக்காரு."

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

வலது பக்கத்து வீடு இன்னும் விற்கவில்லை, பூட்டிக் கிடந்தது. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் அதன் மேலிருந்த சந்தேகத்தை விட்டார். இடது பக்கத்து வீட்டில்தான் வில்லங்கம். அங்கே ஒரு பேக்கரிக்காரி இருந்தாள், புருஷன் லாரி ஓட்டுகிறவன், பெரும்பாலும் வெளியூர். விடியும் முன்னே வேலைக்குப் போய், மற்றவர்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வீடு திரும்புவாள். திரும்பியதும் பின்பக்க மாடி ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொள்வாள். பட்டப்பகலில் எதற்குத் திரை? அந்தத் திரை சில நேரம் ஓரத்தில் அசையும். காற்று என்று சொல்லலாம். காற்றடிக்காத நாளிலும் அசைந்தால் என்ன சொல்வது?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. வாசலில் எதிர்ப்பட்டால் அவள் செக்கரைப் பார்க்க மாட்டாள். சட்டென்று முகத்தைத் திருப்பி, கதவுப் பூட்டை ஆராய்ச்சி செய்வாள்.

"உள்ள ஏதோ இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார் செக்கர்.

"அவளுக்குள்ள தூக்கந்தான் இருக்கும். விடியறதுக்கு முன்னயே போய் மாவு பிசைஞ்சிட்டு வர்றா."

"பிசையறவ நேராப் பாக்கக் கூடாதா?"

"உங்கள நேராப் பாத்தா எனக்கே சில நேரம் டிக்கெட் எடுத்தோமான்னு சந்தேகம் வருது" என்றாள் அவள்.

முதலில் செக்கர் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான். சுற்றுச்சுவர் இடுப்பு உயரம். இடது பக்கமும் சந்துப் பக்கமும் அதன் மேல் கம்பு நட்டு, தகரம் அடித்தார். ஆள் உயரம் போதாதென்று இன்னும் உயர்த்தினார். காற்றடித்தால் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் ஏறினால் அந்தத் துண்டு மண் வாணலி மாதிரி காய்ந்தது. அவ்வளவும் செய்து, நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தால், பேக்கரிக்காரியின் ஜன்னல் தகரத்துக்கு மேலே நிலா மாதிரி நிற்கிறது!

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"அப்பா, தோட்டம் போடறீங்களா, ஜெயில் கட்டறீங்களா?"

"ஒங்கம்மாவுக்காகத்தான்."

"ஜெயில்னா சாப்பாடாவது நேரத்துக்கு வரும். அம்மாவே சமைச்சு அம்மாவே உள்ள உக்காரணும்னா எப்படிப்பா?"

செக்கருக்குக் கோபம் வந்தது, ஆனால் மகள் சொன்னதை மனசில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். பஸ்தான் கைகொடுத்தது. டிக்கெட் இல்லாதவன் எங்கே ஒளிவான்? பஸ்ஸின் கோடியில் போய் ஒளிய மாட்டான். பக்கத்தில் நிற்கிற தடித்த ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வான். மறைப்பு தள்ளி இருந்தால் மலையே வேண்டும். ஒட்டி இருந்தால் ஒரு முதுகு போதும். அப்படியானால் சுவரை உயர்த்தி என்ன பிரயோஜனம்? நாற்காலியை ஒட்டி ஒரு பந்தல் போட்டால் போதாதா?

போதும்தான். ஆனால் எவ்வளவு உயரம், எந்தச் சாய்வு? மேலேயிருந்து பார்த்தால் அல்லவா தெரியும்! பேக்கரிக்காரியிடம் போய், "உன் ஜன்னலிலிருந்து என் வீட்டைப் பார்க்கணும்" என்று கேட்பதா? கேட்டால், எதை மறைக்கிறார் என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

இங்கேதான் செக்கரின் மூளையை மெச்ச வேண்டும். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. பேக்கரிக்காரி ஜன்னலிலிருந்து இவர் தோட்டம் எப்படித் தெரியுமோ, அப்படியேதானே இவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து வலது பக்கத்துப் பூட்டிய வீட்டின் மண் தெரியும்? மாடியின் முன் பக்கத்து அறையில்தான் புருஷன் பெண்டாட்டி படுத்தார்கள். பின் பக்கத்து அறையில் பிரிக்காத பெட்டிகள் கிடந்தன. அதன் ஜன்னலைத் திறந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கத்துச் சுவரைத் தாண்டினார். நாற்காலி மேல் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்தார். அதுதான் மனைவியின் தலை. சுற்றிக் கம்புகளை நிறுத்தி, மேலே பழைய போர்வையைக் கட்டினார். சுவரேறி, படியேறி, ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். குடம் தெரிந்தது. திரும்பப் போய்ப் போர்வையைச் சாய்த்துக் கட்டி வந்து பார்த்தார். குடத்தின் ஓர் ஓரம் தெரிந்தது. மறுபடி சுவரேறினார்.

சுவர் மேல் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக அவர் இருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த வீட்டுல என்ன பண்றீங்க?"

இடது பக்கத்து ஜன்னல். திரை ஒரு சாண் விலகியிருந்தது.

"சும்மா… அளவு பாக்கறேம்மா" என்றார் செக்கர்.

"பூட்டியிருக்கிற வீட்டுல கொடத்தக் கவுத்து வச்சா?"

திரை மூடிக்கொண்டது. மூடிய திரைக்குப் பின்னால் ஒரு நிழல் நின்றுகொண்டே இருந்தது. எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்த மனுஷர் அன்று சுவர் மேல் உட்கார்ந்து வியர்த்தார். சந்தேகம் தீரவில்லை, இன்னும் கெட்டிப்பட்டது. பார்த்துக்கொண்டே இருக்கிறவள்தானே இவ்வளவு சரியாகக் கேட்பாள்?

ஆனால் குடம் மறைகிற கோணம் கிடைத்துவிட்டது. தகரத்தை எல்லாம் பிரித்து எடைக்குப் போட்டார். மண்ணைக் கொத்தி ஓட்டுத் துண்டுகளையும் கம்பியையும் பொறுக்கினார். நாற்காலியை ஒட்டி மூங்கில் நட்டு, பாதி விரித்த குடை மாதிரி ஒரு பந்தல் கட்டினார். இடது பக்கமும் சந்துப் பக்கமும் தாழ்ந்து இறங்கும், வெயில் வர வேண்டுமென்று வலது பக்கம் தூக்கி நிற்கும், சொந்த வீட்டுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். சொந்த ஜன்னலை யார் மறைப்பார்கள்? பந்தலில் பீர்க்கங்கொடியை ஏற்றிவிட்டார். சீக்கிரம் படரும், இலை அகலம், காயும் கிடைக்கும். கீழே சுற்றிலும் புதினா வைத்தார், கால் பட்டால் மணக்கட்டும் என்று. ஒருவர் உட்காரும் இடம்தான். ஆனால் இலை மூடியதும் உள்ளே பச்சை வெளிச்சம் நிறைந்து, குட்டிக் கோயில் போல இருந்தது.

"வா, உக்காரு" என்று மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நான் முன்பக்கம் இருக்கேன். இந்தப் பக்கமே வர மாட்டேன். நீ துணிய அவுத்துட்டு நிம்மதியா இரு." மாடி அறையின் பின் ஜன்னலையும் தன் கையாலேயே சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அப்புறம் தினமும் காலையில் அவள் பின்னால் போவாள், செக்கர் முன் வாசலில் காவல் இருப்பார். வெயில் ஏறியதும் அவள் தலைத்துணியோடு உள்ளே வருவாள். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது, சாப்பாடு இறங்கியது. செக்கருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கொடிக்குத் தண்ணீர் விடும்போது பார்த்தார். பந்தலின் இடது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. நாற்காலியில் உட்கார்ந்து அதன் வழியே பார்த்தார். நேராக பேக்கரிக்காரியின் ஜன்னல்!

பூச்சி தின்றிருக்கும் என்று முதலில் நினைத்தார். இலைக்காம்பைப் பார்த்தால் பூச்சி கடித்த மாதிரி இல்லை, வெட்டின மாதிரி இருந்தது. பக்கத்துக் கொடியை இழுத்து ஓட்டையை மூடினார். இரண்டு நாளில் மறுபடி அதே இடத்தில் ஓட்டை. மூடினார். மறுபடி ஓட்டை. செக்கருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"தொரட்டி வச்சு அறுக்கறா" என்றார் மனைவியிடம். "மேலேயிருந்து."

"யாரு?"

"வேற யாரு? பேக்கரிக்காரிதான். ஒன்ன எட்டிப் பாக்க வழி பண்றா. நீ ஒண்ணும் பாக்கலியா?"

"நான் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கேன். அணிலா இருக்கும்."

"அணில் சதுரமா வெட்டுமா?"

"படிச்ச அணிலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

செக்கர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். சுவருக்கும் பந்தலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்பு நூல் ஒன்றைக் கட்டினார். யார் கை நீட்டினாலும் அறுந்துவிடும். மறுநாள் நூல் அறுந்துதான் இருந்தது. ஆனால் யாரோ அதைத் திரும்ப முடிந்து வைத்திருந்தார்கள். அவர் போட்டது கட்டை முடிச்சு. இப்போது இருந்தது, பள்ளிக்கூடப் பெண்களின் சடையில் போடுவது மாதிரி, இரண்டு காது வைத்த ரிப்பன் முடிச்சு. என்ன நெஞ்சழுத்தம்! அதற்கடுத்த நாள் சுவர் மேல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். மைதா மாவு.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"உரம் வாங்கிட்டு வர்றேன், நேரமாகும்" என்று காலையில் மனைவியிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வரை போனார். டீக்கடைப் பக்கம் நின்று, திரும்பி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி மாடி ஏறினார். எங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்? அவர் கையாலேயே தாழ் போட்ட ஜன்னல்தான். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கி, கதவை ஒருக்களித்துத் திறந்தார்.

கீழே பந்தல். சொந்த வீட்டுப் பக்கம் திறந்துதானே விட்டிருந்தார், உள்ளே முழுசாகத் தெரிந்தது. நாற்காலியில் மனைவி. மடியில் தலைத்துணி, கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். இடது பக்கம் எக்கி, வளர்ந்திருந்த ஒரு பீர்க்க இலையைக் காம்போடு நறுக்கினாள். இன்னொன்று. நறுக்கிய இலையைச் சுருட்டிப் புதினாவுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். ஓட்டை வழியாக மேலே பார்த்துக் கேட்டாள்:

"என்ன, தூங்கப் போலியா இன்னும்?"

"ஒங்க தலையப் பாத்துட்டுத்தான் தூக்கமே வருதுக்கா" என்றது பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் வெயிலுக்குத் திருப்புங்க. அட, நேத்திக்கு இன்னிக்கு கருத்திருக்கு பாருங்க."

"போடி, பாதி நரை."

"நரைன்னா முடி இல்லியா?"

செக்கர் அப்போதுதான் பார்த்தார். மனைவியின் தலையைத்தான். வழுக்கையாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் பார்க்காமலே நினைத்துக்கொண்டிருந்த தலை. புதுசாக விதை தூவிய பாத்தி போல முடி முளைத்திருந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்து, குட்டையாக, அடர்த்தியாக, வெயிலில் பளபளவென்று. எப்போது முளைத்தது இது? மனுஷர் தன்னை மறந்து ஜன்னலுக்கு வெளியே முழுத் தலையையும் நீட்டிவிட்டார். கதவு கிரீச்சென்றது.

பக்கத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்ற பேக்கரிக்காரி திரும்பினாள். இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். நன்றாக, நிதானமாக, ஏற இறங்கப் பார்த்தாள்.

செக்கருக்குச் சட்டென்று வானத்தில் ஏதோ அதிசயம் தெரிந்தது. அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, மேல பாருங்க" என்றாள் பேக்கரிக்காரி. "திருடனப் புடிச்சிட்டேன்." திரை மூடிக்கொண்டது. உள்ளே சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கீழே இறங்கிப் பின்கதவு வரை வந்த செக்கருக்கு அதைத் தாண்ட மனசு வரவில்லை. மனைவி துணியை எடுத்துக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

"நீதானா வெட்டினது?" என்றார்.

"நான்தான்."

"நூல முடிஞ்சது?"

"அதுவும் நான்தான். அறுத்துட்டோமேன்னு பாவமா இருந்துச்சு."

"செவுத்துல மாவு?"

"அவ செவுத்துக்கு அந்தப் பக்கம் வந்து கை நீட்டி எந்தலையத் தொட்டுப் பாத்தா. மொளைக்க ஆரம்பிச்சப்ப எனக்கே கைக்குத் தெரியுது, கண்ணாடியில தெரியல. நெஜமா, பிரமையான்னு யாராவது பாத்துச் சொல்லணுமில்ல?"

"அதுக்கு அவளா? யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னது நீதானே?"

"வழுக்கையா இருந்தப்ப சொன்னேன். மொளைச்சப்புறமும் அதையே சொல்வேனா?" கத்தரிக்கோலை மடியில் வைத்தாள். "அவ பாத்தா, சொன்னா. நீங்கதான் பாக்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து இன்னி வரைக்கும் ஒரு தடவ பாத்திருக்கீங்களா? நான் துணிய அவுத்தா எந்திரிச்சுப் போறீங்க. பஸ்ஸு பூரா மூஞ்சி மூஞ்சியாப் பாத்தவரு எம்மூஞ்சிக்கு மேல பாக்க மாட்டேங்கறாரேன்னு நான் என்னான்னு நெனைக்கிறது? அருவருப்புன்னு நெனைச்சேன்."

"ஐயோ, நீ கூசுவேன்னுதாம்மா…"

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. யாரைப் பார்த்தாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்ன மனுஷருக்குத் தன்னுடைய கணக்குத் தன் மேலேயே வந்து விழுந்தது. முகத்தைத் திருப்பினது யார்?

"சரி, அவ ஏன் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்புறா?" என்றார் கடைசியில். அதை மட்டும் விட முடியவில்லை அவரால்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சின்னப் பொண்ணா இருந்தப்ப நீங்க அவள பஸ்ஸ விட்டு எறக்கி விட்டிருக்கீங்க. கொட்டற மழையில. டிக்கெட் இல்லாம வந்திருக்கா. நீங்க இன்னும் அடையாளம் கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம்."

"பாத்தியா!" என்று செக்கருக்கு முகம் மலர்ந்தது. "நான் சொன்னேனா இல்லியா? உள்ள ஏதோ இருக்குன்னு?"

"ஆமா, ரொம்பப் பெருமை. போய் ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவர் உட்காருவதற்கென்றே அளந்து போட்ட பந்தல், ஸ்டூல் உள்ளே நுழையவில்லை. ஒரு மூங்கிலைப் பிடுங்கித் தள்ளி நட்டார். புதினா கொஞ்சம் மிதிபட்டு மணத்தது. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பழைய நாளில் டிக்கெட்டின் எண்ணைப் பார்ப்பதற்கு மாட்டுவாரே, அதே மாதிரி. குனிந்து அவள் தலையை நெற்றியிலிருந்து பிடரி வரை, காதுக்குப் பின்னால்கூட விடாமல் பரிசோதித்தார். அவள் கூசவில்லை. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உச்சியில ரெண்டு சுழி இருக்கும்மா" என்றார்.

"பொறந்ததுலருந்து இருக்கு. பின்னலுக்குள்ள இருந்தா உங்களுக்கு எங்க தெரியும்?"

"ரெட்டைச் சுழி பிடிவாதமாம்."

"அது இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள்.

இடது பக்கத்து ஓட்டையை அதற்கப்புறம் அவர் மூடவில்லை. கொடி வளர்ந்து மூட வந்தால் அவரே நறுக்கிவிட்டு, மேலே பார்த்து, "வந்தாச்சா?" என்று கேட்பார். சந்துப் பக்கத்து மறைப்பை மட்டும் எடுக்கச் சம்மதிக்கவில்லை. பின் வரிசையில் ஒருவன் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருகிறான். ஒரே சட்டையை மூன்று தடவை உதறுகிறான். செக்கரைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவனிடம் ஏதோ இருக்கிறது.